வெயிலைக் கண்டு பயப்படலாமா?

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் சந்திப்பில், ஓய்வுபெற்ற தோல் மருத்துவரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

"டிபன் ஆறுவதற்குள் முடித்துவிடுங்கள்" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற மாதம் ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு தொலைபேசி அழைப்புகள். ஒன்று, மெல்போர்னில் இருக்கும் என் பெண்ணிடமிருந்து. "அப்பா, வெயில்ல போகாதே. போனா சன்ஸ்க்ரீன் தடவிக்கோ. இங்கே நிறைய பேருக்கு ஸ்கின் கேன்சர் வருது." இன்னொன்று, முலுண்டில் இருக்கும் என் மன்னியிடமிருந்து. "ரத்தப் பரிசோதனையில வைட்டமின் டி ஒன்பதுதான் இருக்காம். நான் தினம் காலம்பற ஆறரை மணிக்கு பால்கனியில வெயில்ல உக்காறேனே, அது போறாதா?"

ஒருவர் வெயில் வேண்டாம் என்கிறார். இன்னொருவர் வெயிலில் உட்கார்ந்தும் பலன் இல்லை என்கிறார். இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்வதுதான் இன்றைய பேச்சு.

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அவற்றில் 'பி' வகைக் கதிர் தோலில் பட்டால், அங்குள்ள ஒரு கொழுப்புப் பொருள் வைட்டமின் டி-யாக மாறுகிறது. பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்துகின்றன. அது இருந்தால்தான் சாப்பிடும் கால்சியம் குடலிலிருந்து ரத்தத்தில் சேரும். ஆனால் அதே 'பி' கதிர்தான் தோல் செல்களின் மரபணுவையும் சேதப்படுத்துகிறது. சூரியக் கதிர்வீச்சு புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1992-ல் அறிவித்தது. இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் யாருக்கு எவ்வளவு ஆபத்து? ஆஸ்திரேலியாவில் பெரும்பாலோர், மேகமூட்டமான பிரிட்டன் போன்ற நாடுகளிலிருந்து போய்க் கடும் வெயிலில் குடியேறியவர்களின் சந்ததியார். வெளுத்த தோல். அதனால்தான் சட்டை போடு, களிம்பு தடவு, தொப்பி வை என்ற பிரசாரத்தை அங்கே 1981-ல் ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அது மிகவும் சரி. நம் தோலிலோ மெலனின் என்ற நிறமி இயற்கையாகவே குடை பிடிக்கிறது. நம்மில் 'நல்ல சிவப்பு' என்று சொல்லப்படுகிறவர்களுக்கும் அந்தக் குடை உண்டு. இந்தியாவில் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் குறைவாக இருப்பதற்கு அதுவே முக்கிய காரணம். ஆனால் குடை வைட்டமின் கதிரையும்தான் தடுக்கும். ஆகவே ஒரு வெள்ளைக்காரருக்குச் சில நிமிஷத்தில் கிடைப்பது நமக்குக் கிடைக்கப் பல மடங்கு நேரம் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் புகை சூழ்ந்த நகரங்களில் குழந்தைகளுக்குக் கால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் பரவியிருந்தது. வெயில் நிறைந்த நாடுகளில் அது அரிது என்று தியோபால்ட் பாம் என்ற டாக்டர் 1890-ல் எழுதினார். 1919-ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற டாக்டர், புற ஊதா விளக்கொளியைக் காட்டியே அந்தக் குழந்தைகளைக் குணப்படுத்தினார்.

அப்படிப்பட்ட வெயில் நாட்டில் நம் நிலைமை என்ன? தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், வெளியில் பயிற்சி செய்யும் ராணுவ வீரர்களுக்கு வைட்டமின் டி ஓரளவு நன்றாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே வேலை செய்யும் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் மிகக் குறைவு! 2002-ல் வெளியான இன்னொரு ஆய்வில், தில்லியின் மாசு மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளுக்கு, மாசு குறைந்த குர்காவ் குழந்தைகளைவிடக் குறைவாக இருந்தது. நாமே புகைக்குள்ளும் கூரைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டோம்.

நம் பாட்டனார் காலத்தில் ஆற்றங்கரையில் மேல்துண்டோடு நின்று மாத்யாஹ்னிகம் செய்தார்கள். பாட்டிகள் உச்சி வெயிலில் வடாம் பிழிந்து காக்காய் விரட்டினார்கள். வைட்டமினுக்காக அதைச் செய்யவில்லை; ஆனால் அது தானாகக் கிடைத்தது. இப்போது மொட்டை மாடி சொசைட்டியின் பூட்டுக்குள் இருக்கிறது. வடாம் கடையில் கிடைக்கிறது. பெண் குழந்தைகளிடம் "வெயில்ல நின்னா கறுத்துப் போயிடுவே" என்கிறோம். போதாக்குறைக்கு நாம் சைவம். இந்த வைட்டமின் அதிகம் இருப்பது மீனிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும். சாதாரணப் பாலில் மிகக் கொஞ்சம்தான். ஆகவே பாக்கெட்டில் நீல நிற 'பிளஸ் எஃப்' முத்திரை உள்ள செறிவூட்டிய பாலையும் எண்ணெயையும் பார்த்து வாங்குங்கள்.

இப்போது மன்னியின் கேள்விக்கு வருகிறேன். காலை ஆறரை மணி வெயில் மனதுக்கு நல்லது, நடைக்கு நல்லது. ஆனால் சூரியன் தாழ்வாக இருக்கும்போது 'பி' கதிர் காற்று மண்டலத்திலேயே பெரும்பாலும் வடிந்துவிடும். அதிலும் மன்னியின் பால்கனிக்குக் கண்ணாடி போட்டிருக்கிறது. ஜன்னல் கண்ணாடி 'பி' கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். திருப்பதியில் செய்த ஆய்வுகள் பகல் 11 மணியிலிருந்து 2 மணி வரைதான் பலன் அதிகம் என்று காட்டின. சுலபமான ஒரு அடையாளம் சொல்கிறேன். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அந்த வெயில் பயன்படும். நம் மும்பையில் மார்கழி மாதத்திலும் உச்சிப் பொழுதில் நிழல் குட்டையாகவே இருக்கும். தில்லியில் அப்போது அப்படி இருக்காது.

கையும் காலும் வெயிலில் படும்படி வாரத்தில் சில நாட்கள் இருபது, முப்பது நிமிஷம் போதும். தலைக்கும் முகத்துக்கும் துணியோ தொப்பியோ இருக்கட்டும். சித்திரை வெயிலில் இன்னும் குறையுங்கள். தோல் எரியும்வரை நிற்கவே கூடாது. வெண்புள்ளி உள்ளவர்கள், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், வெயில் ஒவ்வாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

அப்படியானால் நமக்குத் தோல் புற்றுநோயே வராதா? வரும். ஆனால் வெயில் படாத இடத்தில் தேட வேண்டும். 1945-லேயே நம் ஊர் டாட்டா மெமோரியலைச் சேர்ந்த டாக்டர் கானோல்கர், வேஷ்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பில் வரும் புற்றுநோயைப் பற்றி எழுதினார். புடவைக்கு உள்ளே கட்டும் பாவாடை நாடா அறுத்து அறுத்துப் புண்ணாகும் இடத்திலும் அதே நோய் வருகிறது. காஷ்மீரில் காங்கிரி என்ற கணப்புச் சட்டியின் சூட்டால் தொடையிலும் வயிற்றிலும் வரும். பழைய தீக்காயத் தழும்பிலும் வரலாம். மெலனோமா என்ற கொடிய வகை நம் போன்றவர்களுக்கு உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதுண்டு. பேரன்களுக்குத் தெரிந்த பாடகர் பாப் மார்லி 1981-ல் 36 வயதில் இறந்தது கால் நகத்தடியில் ஆரம்பித்த மெலனோமாவால்தான். ஆகவே ஒரு மாதமாகியும் ஆறாத புண், பெரிதாகும் அல்லது நிறம் மாறும் மச்சம், நகத்தில் புதிதாக வந்த கறுப்புக் கோடு இவற்றைப் பார்த்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மாமிகள் நாடாவை அகலமாகத் தைத்துக்கொண்டு, கட்டும் இடத்தைச் சற்று மாற்றி மாற்றிக் கட்டுங்கள்.

கடைசியாக மாத்திரை. என் அத்திம்பேருக்கு 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் தினம் ஒன்று என்று நினைத்து மூன்று மாதம் சாப்பிட்டார். வாந்தி, மலச்சிக்கல், பிறகு பேச்சுத் தடுமாற்றம். எல்லோரும் மறதி நோய் என்றே முடிவு கட்டிவிட்டோம். ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் பாதிக்கப்பட்டது பிறகுதான் தெரிந்தது. மூளை தெளிந்தது, சிறுநீரகம் பழைய நிலைக்கு வரவேயில்லை. டாக்டரான நான் அந்தச் சீட்டை ஒரு தடவை வாங்கிப் பார்த்திருந்தால் போதும். அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. வெயில் எவ்வளவு பட்டாலும் தோல் தேவைக்கு மேல் வைட்டமின் செய்யாது. மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பெரியவர்களுக்குத் தினம் 600 யூனிட், 70 வயதுக்கு மேல் 800 என்பதுதான் 2011-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் சொன்ன அளவு. மாரடைப்பையும் புற்றுநோயையும் தடுக்கும் என்று சாப்பிடுவதிலும் அர்த்தமில்லை. சுமார் 26,000 பேரை வைத்து நடத்தி 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் அவை வருவது குறையவில்லை. குறைபாடு உள்ளவர்களுக்கு மாத்திரை அவசியம். பிறந்த குழந்தைக்கு டாக்டர் எழுதும் சொட்டு மருந்தையும் விடாதீர்கள்.

மெல்போர்ன் பெண்ணிடம் நான் சொன்னது இதுதான். "கோடையில் நீ சொல்வது சரி அம்மா. ஆனால் அங்கே குளிர்காலத்தில் உன் நிறத்துக்கு வெயில் போதாது. உன் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்."

உங்களிடம் கேட்பது ஒன்றே. வீட்டுக்குப் போனதும் மாத்திரைச் சீட்டை எடுத்து, வாரமா தினமா என்று ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். பிறகு சொசைட்டி செயலாளரிடம் மொட்டை மாடிச் சாவியைக் கேளுங்கள்.