இரங்கல் மேடையில் எதைக் கேட்க வேண்டும்?

ஒரு தலைவர் மறைந்தால் ஊர்தோறும் இரங்கல் கூட்டம் நடக்கிறது. மேடை ஏறுகிறவர், "சூரியன் அஸ்தமித்தது, மலை சாய்ந்தது" என்கிறார். பிறகு இறந்தவரையே கூப்பிட்டு, "எங்களை விட்டு எங்கே போனாய்?" என்று கேட்கிறார். ஒரே சொல்லை மூன்று முறை அடுக்குகிறார். கூட்டம் கண் கலங்குகிறது.

இதை நாம் பழிக்கவில்லை. நம் தாய்மார்கள் ஒப்பாரியில் செய்வதும் இதுதான். பாரி மாண்டபோது கபிலர் கலங்கிப் பாடியதைக் 'கையறுநிலை' என்றார்கள் புலவர்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சொல்லடுக்கு, மாண்டவர் கேட்டதை எடுத்துச் சொல்கிறதா, மூடி மறைக்கிறதா?

நம் விருதுநகரையே பாருங்கள். 1956 ஜூலை 27ல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கினார். சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட வேண்டும் என்பது அவருடைய முக்கியக் கோரிக்கை. காங்கிரஸ் சர்க்கார் இணங்கவில்லை. அக்டோபர் 13ல் மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். அவர் விருப்பப்படி உடல் கம்யூனிஸ்ட் கட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவரைத் 'தியாகச் சுடர்' என்று புகழ யாருக்கும் காலணா செலவில்லை. அவர் கேட்ட பெயரைக் கொடுப்பதுதான் கடினமாக இருந்தது. 1967 ஜூலை 18ல்தான் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14ல்தான் அது அமலுக்கு வந்தது. அவருக்குரிய அஞ்சலி அன்றுதான் நிறைவேறியது என்போம்.

1883 மார்ச் 17ல் லண்டன் ஹைகேட் இடுகாட்டில் மார்க்சின் கல்லறை அருகே எங்கெல்ஸ் பேசினார். கூடியிருந்தவர்கள் ஒரு சிலரே. உயிர் நண்பரை இழந்த அவர், மார்க்ஸ் கண்டுபிடித்தது என்ன என்பதையே விளக்கினார். டார்வினோடு ஒப்பிட்டதும் அலங்காரத்துக்கு அல்ல, பொருள் விளங்குவதற்காக.

இனி நம் கந்தக பூமிக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இப்படிப்பட்ட சாவுகளின்போது மேடையில் எழும் சொல் 'விதி'. ஆம், விதி உண்டு! ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்பதே அந்த விதி. அதை மீறியது யார் என்று கேட்க வேண்டிய இடத்தில் தலைவிதி பேசப்படுகிறது. "உயிர்கள் பலியாயின" என்று வாக்கியம் முடிகிறது. பலி கொடுத்தவன் அந்த வாக்கியத்தில் இல்லை.

ஆகவே, ஆலைத் தோழர்களே, வயற்காட்டுத் தோழர்களே! அடுத்த இரங்கல் கூட்டத்தில் கண்ணீர் வந்தால் விடுவோம்; அது மனிதத்தன்மை. ஆனால் கண்ணைத் துடைத்த பிறகு கேட்போம்: மாண்டவர் எதைக் கேட்டார்? மறுத்தவர் யார்? நாளைக் காலை நாம் செய்ய வேண்டியது என்ன? இதற்குப் பதில் சொல்லும் பேச்சே உண்மையான அஞ்சலி.