கோரைப் பாயும் குறிப்பேடும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் இறைவனுக்கே. வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு, கட்டட நிதி பற்றிய வாதமும் ஒருவாறு முடிந்து, நெய்ச்சோற்றின் மணம் பந்தலுக்குள் வந்துவிட்ட வேளையில் நம்மைப் பேச அழைத்திருக்கிறார்கள். எனவே முன்னுரையைச் சுருக்கிக்கொண்டு பொருளுக்கு வருகிறோம்.

ஊரார் நம்மைப் 'பாய்' என்று அழைப்பது வழக்கம். அது சகோதரன் என்னும் பொருளில் வடக்கிலிருந்து வந்த சொல். தமிழில் பாய் என்பதோ விரிப்பு. இவ்விரு பாயும் ஒருங்கே கூடிய ஊர் ஒன்று நெல்லைச் சீமையில் உண்டு. திருநெல்வேலியிலிருந்து மேற்கே சேரன்மகாதேவிக்குச் செல்லும் வழியில் உள்ள பத்தமடையே அது. தாமிரவருணிப் பாசனத்தில் செழித்த அவ்வூரில் நம் சமுதாயத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப் பாய் நெய்து வருகின்றனர்.

சில மாதங்களுக்கு முன் அவ்வூருக்கு நாம் சென்றதற்கு ஒரு காரணம் இருந்தது. நம் வீட்டுப் பழைய மரப்பெட்டியில் பெற்றோரின் திருமணப் பாய் இருந்தது. நெல்லைப் பகுதியில் மணமக்களின் பெயரையும் மணநாளையும் பாயிலேயே நெய்து கொடுப்பது சாதி சமய வேறுபாடின்றி எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம். வாப்பாவின் பெயர், உம்மாவின் பெயர், 1961 என்னும் ஆண்டு, சுற்றிலும் சிவப்பிலும் கறுப்பிலும் ஒரு கரை. உம்மா வஃபாத்தான பிறகு பெட்டியைத் திறந்தபோது எலி கடித்து ஒரு மூலை போயிருந்தது. அதைச் சரிசெய்ய இயலுமா என்று கேட்கவே பத்தமடைக்குச் சென்றோம்.

ஒரு வீட்டில் முதிய தாயார் ஒருவர் அப்பாயை மடியில் விரித்து, கரையை விரலால் தடவிப் பார்த்தார். கண்ணைவிட விரலையே அவர் நம்பினார் என்று தோன்றியது. "தம்பி, இது மேலத்தெருக் கை. ஓரம் மடக்கியிருக்கிற விதத்தைப் பாருங்க. நெய்தவுக மவுத்தாகி நாளாச்சு. இந்தக் கரையை இப்ப போட ஆளில்லை" என்றார். "நீங்கள் போட முடியாதா உம்மா?" என்று கேட்டோம். "பார்த்திருக்கேன், கத்துக்கிடலை" என்றார். பாயைத் திருப்பித் தந்துவிட்டார்.

நாம் இன்று பேச வந்ததன் கரு அந்த ஒரு விடைதான். ஆயினும், ஒரு கரையைக் 'கற்றுக்கொள்வது' எத்தகைய வேலை என்பதை அறியாமல் அவ்விடையின் கனம் விளங்காது. ஆகவே பாய் நெய்யும் முறையைச் சிறிது சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

பசுங்கோரையை அறுத்து வந்து நெடுக்காகக் கீறுகின்றனர். உள்ளிருக்கும் வெண்ணிறத் தக்கையை நீக்கி வெயிலில் உலர்த்துகின்றனர். பின்னர் ஓடும் நீரில் பல நாட்கள் ஊறவைக்கின்றனர். ஊறிப் பருத்து மென்மையான கோரையை மீண்டும் உலர்த்தி, மேலும் கீறி, நூலிழை போலாக்குகின்றனர். அதன் பிறகே தறி. அதுவும் கைத்தறிச் சேலைக்கு உள்ளது போன்ற பெரிய தறி அன்று. தரையோடு தரையாக மூங்கிற் கழிகளுக்கிடையே பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, கோரையை ஒவ்வோர் இழையாக ஊடே செலுத்தி, அச்சால் தட்டி நெருக்குகின்றனர். சாதாரணப் பாயில் பாவு 50 எண் அளவில் இருக்கும். 'பட்டுப்பாய்' எனப் பெயர் பெற்ற நுண்பாயில் அது 100 முதல் 140 எண் வரை செல்லும். தொட்டால் துணி, மடித்தால் கைப்பைக்குள் அடங்கும். இத்தகைய பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில், சில வேளை மாதத்திற்கு மேலும் ஆகும். சமையல், பிள்ளை, நோயாளி, தொழுகை ஆகியவற்றுக்கு இடையிடையே கிடைக்கும் நேரத்தில்தான் இவ்வளவும் நடைபெறுகிறது. குனிந்த முதுகுக்கு இரவில் தைலம் தேய்ப்பதை எந்த வணிகரும் விலையில் சேர்ப்பதில்லை.

முற்காலத்தில் சிவப்பு நிறத்தைப் பதிமுகம் எனப்படும் சாயக்கட்டையிலிருந்து எடுத்தார்கள். பின்னர் கடைச்சாயம் வந்தது, வேலை எளிதாயிற்று. நம் வீட்டுப் பாயின் சிவப்பு அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மங்காதிருந்ததைக் கண்ட அத்தாயார், அது கட்டைச் சாயமே என்றார். அப்போதுதான் அவருடைய பேத்தி உள்ளே சென்று ஒரு குர்ஆன் உறையை எடுத்து வந்தாள். அதற்குள் பழுப்பேறிய காகிதத் துண்டொன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அரபு எழுத்தில் இருந்ததால் அதைத் துஆ என்று நினைத்து இத்தனை காலம் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள்.

அது துஆ அன்று. கல்லூரியில் படிக்கும் அப்பெண் ஒருநாள் அதைப் பள்ளிவாசல் இமாமிடம் கொடுத்தனுப்பிக் கேட்டிருக்கிறாள். அது அரபுத்தமிழ் என்று அவர் சொல்லி, படித்தும் காட்டியிருக்கிறார். இத்தனை கட்டைக்கு இத்தனை குடம் தண்ணீர், இத்தனை நாழிகை கொதி, கோரையை எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்று அம்மூதாட்டியின் தாயார் தம் கைப்பட எழுதி வைத்த சாயக்குறிப்பு அது!

அன்பர்களே, நம் பாட்டிமாரை எழுத்தறியாதவர்கள் என்று நாம் எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். தமிழ் நெடுங்கணக்கை அறியாத பல பெண்கள் அரபுத்தமிழில் மாலையும் படித்தார்கள், மஸாயிலும் படித்தார்கள், மளிகைக் கணக்கும் எழுதினார்கள். அவ்வெழுத்தை வாசிக்கத் தெரியாமற் போனவர்கள் நாமே. நம் வீடுகளில் துஆ என்று நினைத்துப் பெட்டியில் வைத்திருப்பவற்றுள் இன்னும் எத்தனை இப்படிக் கிடக்கின்றனவோ!

அன்று முதல் அப்பெண் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாள். எண்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. பாட்டி ஒரு கரையைப் போடும்போது அருகிலமர்ந்து கட்டம் கட்டமாக வரைகிறாள். எந்தக் கட்டத்தில் எந்த நிற இழை, எத்தனை பாவு தாண்டி ஊசி மேலேறுகிறது என்று எழுதுகிறாள். சாயமிட்ட கோரைத் துண்டுகளைப் பக்கத்தில் ஒட்டி, நாளும் குறித்திருக்கிறாள். "எங்க ராத்தா கேலி பண்ணுவா. பாட்டி உயிரோட இருக்கும்போதே நோட்டு எதுக்குன்னு" என்றாள். தான் நெய்யத் தொடங்கியதே எழுதத் தொடங்கிய பிறகுதான் என்றும் சொன்னாள். எழுதுவதற்காக உற்றுப் பார்த்தாள். உற்றுப் பார்க்கப் பார்க்கக் கை தானே தறிக்குப் போயிற்று. கைவேலையின் மீது காதல் வருவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது போலும்.

அந்நோட்டின் பின்பக்கம் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு பாய்க்கும் எத்தனை நாள், கோரைக்கும் நூலுக்கும் என்ன செலவு, கைக்கு வந்தது எவ்வளவு என்ற கணக்கு. வந்த தொகையில் செலவைக் கழித்து நாட்களால் வகுத்தால், வயல் வேலைக்குச் செல்லும் பெண்ணின் அன்றாடக் கூலியில் பாதி கூட வரவில்லை. பாட்டிக்கு இது தெரியாமலில்லை. ஆனால் எண்ணாகப் பார்த்ததில்லை. அடுத்த முறை வந்த வணிகரிடம் பேத்தி நோட்டைக் காட்டி விலை கேட்டாள். அவர் வாங்காமலே போய்விட்டார். இரண்டு மாதம் பாய் வீட்டில் கிடந்தது. வீட்டில் சண்டையும் நடந்தது. பிறகு ஒரு திருமண வீட்டார் நேரே வந்து, கேட்ட விலையைக் கொடுத்து எடுத்துச் சென்றார்கள். எல்லாப் பாய்க்கும் அப்படி நடப்பதில்லை என்று அவளே சொன்னாள். வணிகரை மட்டும் நாம் குறை சொல்லவில்லை. முன்பணம் கொடுப்பவர் அவர். விற்காத சரக்கைச் சுமப்பவரும் அவர். ஆனால் முன்பணம் வாங்கிய கை விலை பேச முடியாத கையாகிவிடுகிறது என்பதை மறுக்க இயலாது.

பத்தமடைப் பாய்க்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குரிய சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவகம் சென்னையிலேயே உள்ளது. இக்குறியீட்டைப் பெறுவதற்கு, பொருள் எங்ஙனம் செய்யப்படுகிறது, எதனால் அது அவ்வூருக்கே உரியது என்பதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதப்பட்டதையே சட்டம் காக்கிறது. அதுவும் பெயரைத்தான் காக்கிறது, கூலியை அன்று. நெய்பவர் தம் பெயரை அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். நாம் சந்தித்த வீட்டில் அதை அறிந்தவர் எவருமில்லை.

கைத்தொழிலாளி தன் தொழிலை எழுதுவது நம் மரபுக்குப் புதியதன்று. தியார்பக்ர் நகரில் அர்துகீ அரசர்களிடம் பணியாற்றிய இஸ்மாயீல் அல்-ஜஸரீ, தாம் செய்த நீர்க்கடிகாரங்களையும் நீரிறைக்கும் பொறிகளையும் பற்றி 1206-இல் ஒரு நூலை எழுதி முடித்தார். அவர் ஏட்டறிஞர் மட்டும் அல்லர். தம் கையால் செய்து பார்த்தவர். அளவும் வரைபடமும் வைத்து எழுதியிருந்தமையால், 1976-இல் லண்டனில் இஸ்லாமிய உலக விழா நடந்தபோது அந்நூலைக் கொண்டே அவருடைய கடிகாரம் ஒன்றைத் திரும்பவும் செய்து ஓடவிட்டார்கள். 770 ஆண்டுகள்! நம் வீட்டுப் பாயின் கரையோ ஒரே தலைமுறையில் காணாமற் போயிற்று.

உழைக்கும் கையின் சிறப்பைப் பற்றி உலமாக்கள் முன்னிலையில் நாம் சொல்லத் தேவையில்லை. தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கைத்தொழிலின் வருவாயில் உண்டதும், அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் ஈட்டியதை ஏழைகளுக்கு வாரி வழங்கியதும் நாம் கேட்டு வளர்ந்த செய்திகள். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமேனியில் பாயின் தடம் பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் விட்ட நிகழ்ச்சியையும் அறிவோம். இவற்றையெல்லாம் மிம்பரில் கேட்டு நெகிழ்கிறோம். வாசலில் ஒரு பெண் பாய் விற்க வந்தால் பேரம் பேசுகிறோம்.

பிறரைச் சொல்லவில்லை, நம்மையே சொல்கிறோம். நம் மூத்த மகளின் திருமணத்திற்குப் பத்தமடையிலிருந்து ஒரு தாயார் பாய் கொண்டுவந்தார். சொன்ன விலையில் கால் பங்கைக் குறைக்கச் சொன்னோம். அவர் தயங்கவே, பிளாஸ்டிக் பாய் இதில் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்குமே என்றோம். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார். அன்று மாலை மண்டப அலங்காரத்திற்கு அதைப் போலப் பல மடங்கு தொகையை முகம் சுளிக்காமல் எண்ணிக் கொடுத்தோம். மறுநாளே அப்பூக்கள் வாடிவிட்டன. மகளின் பெயர் எந்தப் பாயிலும் இல்லை.

பாய் வாங்குங்கள் என்று சொல்வதைச் சீர் வரிசையில் இன்னொரு பொருளைச் சேர்க்கச் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. பெண் வீட்டாரின் சுமையைக் கூட்டும் எதையும் இம்மேடையில் நாம் பேச மாட்டோம். வாங்குவதானால் மாப்பிள்ளை வீட்டார் வாங்கட்டும்!

நிர்வாகக் குழுவின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது: திருமணப் பாய் வேண்டுவோர் நிகாஹ் நாள் குறித்தவுடனேயே, குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன், அலுவலகத்தில் சொன்னால், நெய்யும் வீட்டாரிடமே நேரே சொல்லி, பாதி விலையை முன்பணமாக ஜமாஅத் மூலமாகவே அனுப்பலாம். முன்பணம் கொடுப்பதால் விலையைக் குறைக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது என்பதை இப்போதே சொல்லிவைக்கிறோம்.

இரண்டாவது நம் மஹல்லாவைப் பற்றியது. இங்கே பாய் நெய்வோர் இலர். ஆனால் பனை ஓலைப் பெட்டி முடையும் கைகள் உண்டு. தொப்பி பின்னும் கைகள் உண்டு. துப்பட்டியில் பூ வேலை செய்யும் கைகள் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். மதரஸாவில் பயிலும் பெண் பிள்ளைகள் சிலரிடம் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து அம்மூத்தோரிடம் அனுப்பலாம் என்று எண்ணுகிறோம். சொல்வதை அப்படியே, அவர்களுடைய வீட்டுத் தமிழிலேயே எழுதட்டும், திருத்த வேண்டா. நோட்டுக்கான செலவு நம்முடையது. இதில் விவாதம் தேவையில்லை.

பழைய அரபுத்தமிழ்க் காகிதங்கள் எவர் வீட்டிலேனும் இருந்தால், கிழிந்தவையாயினும் எறிந்துவிடாமல் கொண்டுவாருங்கள். படித்துச் சொல்வதாக நம் இமாம் அவர்கள் வாக்களித்திருக்கிறார்கள். வரும் வெள்ளி முதல் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் அலுவலகத்தில் நாம் இருப்போம். எலி கடித்த அந்தப் பாயும் அங்கே மேசைமேல் இருக்கும். அந்தக் கரையைத் தெரிந்த கை நம் உறவினர் வீடுகளில் எங்கேனும் இருந்தால், அழைத்து வாருங்கள்.

வஸ்ஸலாம்.