வலது கையை உயர்த்தும் முன்...

(வெளிநாடு செல்ல விரும்பும் இளைஞர்களுக்காக ஜமாஅத் மண்டபத்தில் நடந்த வழிகாட்டல் கூட்டத்தில், அமெரிக்காவில் பணியாற்றும் நமதூர்ச் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்குவது எப்படி என்று பேசுங்கள்" என்று ஜமாஅத் தலைவர் கேட்டுக்கொண்டார். எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்பதை ஒரு நல்ல வக்கீல் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். நான் சொல்ல வந்தது வேறு. அந்த அட்டைக்காக நான் பத்தாண்டுகள் காத்திருந்தேன். அதன் முடிவில் ஓர் அதிகாரியின் முன்னால் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்தேன். பத்தாண்டு உழைப்பையும் அந்த இருபத்தைந்து நிமிடத்தில் இழந்திருப்பேன். ஏன் இழக்கவில்லை என்பதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்தக் காத்திருப்பு ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள். கிரீன் கார்டு குடியுரிமை அல்ல. நிரந்தரமாகத் தங்கி வேலை செய்வதற்கான அனுமதி. வேலையின் அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 பேருக்கு இதைத் தருகிறார்கள். அந்தக் கணக்கில் மனைவி மக்களும் அடக்கம். எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. சில லட்சம் மக்கள் வாழும் நாட்டுக்கும் அதே அளவு, நூறு கோடியைத் தாண்டிய இந்தியாவுக்கும் அதே அளவு! அதனால்தான் நம் வரிசை மட்டும் நீண்டுகொண்டே போகிறது. மாதந்தோறும் அந்நாட்டு வெளியுறவுத் துறை ஒரு தேதியை அறிவிக்கும். உங்கள் மனு பதிவான தேதி அதற்கு முந்தையதாக இருந்தால் உங்கள் முறை வந்துவிட்டது. சில மாதங்களில் அந்தத் தேதி பின்னாலும் போகும்! என் தேதி 2009 பிப்ரவரி. என் முறை வந்தது 2018 அக்டோபர். அண்ணன் குடிமகனாகி தம்பிக்கு மனுச் செய்யும் வரிசையோ பதினைந்து ஆண்டுகளையும் தாண்டிவிட்டது.

காத்திருக்கும் காலத்தில் வாழ்க்கை நின்றுவிடுமா? நிற்காது. 2015 வரை என் மனைவிக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. படித்த பெண் வீட்டிலேயே இருந்தாள். 2013-ல் என் அத்தா மௌத்தானார். என் பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை காலாவதியாகி இருந்தது. ஊருக்கு வந்தால் தூதரகத்தில் புது முத்திரை வாங்கிய பிறகே திரும்ப முடியும். கூடுதல் பரிசோதனை என்று மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் வேலை போகும், அத்தோடு எல்லாம் போகும் என்று பயந்தேன். ஜனாஸாவுக்கு வரவில்லை. சகோதரர்களே! கிரீன் கார்டின் விலை என்ன என்று யாராவது கேட்டால் நான் டாலரில் சொல்வதில்லை.

பரிசோதனை என்றேன். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு மனுதாரர்களின் பெயர்களை எப்.பி.ஐ. சரிபார்ப்பது பெரிய தேக்கமாகியது. முஹம்மது, அப்துல், ஹுசைன் என்ற பெயர்கள் உலகில் எத்தனை கோடிப் பேருக்கு! ஒருவரை இன்னொருவராக எண்ணிவிட எவ்வளவு நேரமாகும்? ஆண்டுக்கணக்கில் மனுக்கள் கிடந்தன. 180 நாட்களுக்கு மேல் இந்தச் சரிபார்ப்புக்காகவே நிற்கும் கிரீன் கார்டு மனுக்களை மற்றவை சரியாக இருந்தால் முடித்து வைக்கலாம் என்று 2008-ல்தான் உத்தரவு போட்டார்கள். அதே ஆண்டில் 'கார்ப்' என்றொரு தனித் தணிக்கை முறையையும் தொடங்கினார்கள். முஸ்லிம்களின் மனுக்களை அது காரணமின்றி முடக்குகிறது என்று 2017-ல் சியாட்டில் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது.

இந்த நிலையில்தான் கடைசிப் படிவம் என் கைக்கு வந்தது. அதில் இரண்டு கேள்விகள். உலகின் எந்தப் பகுதியிலாவது எந்தச் சங்கத்திலாவது அமைப்பிலாவது உறுப்பினராக இருந்ததுண்டா? எந்தக் காரணத்துக்காகவாவது, வழக்கே போடாவிட்டாலும், எப்போதாவது கைது செய்யப்பட்டதோ தடுத்து வைக்கப்பட்டதோ உண்டா?

எனக்கு இரண்டும் உண்டு. கல்லூரியில் படிக்கும்போது நம் மஹல்லா இளைஞர் சங்கத்தில் இருந்தேன், இரத்ததானம் செய்தோம். 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிப்பைக் கண்டித்து நடந்த மறியலில் நின்றேன். வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மதியம் சாம்பார் சாதம் போட்டார்கள். மாலையில் பெயரை எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். உங்களில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும்.

நண்பர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "மாப்ளே, சாயங்காலமே விட்டுட்டாங்க. அதெல்லாம் ஒரு கைதா? 'இல்லை'ன்னு போடு. நம்ம பேருக்கு அதுவேறயா?" மூன்று இரவு தூங்கவில்லை. அது 2018. முந்தைய ஆண்டுதான் சில முஸ்லிம் நாட்டு மக்கள் உள்ளே நுழையவே தடை போட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லையென்றாலும் பயம் எல்லோருக்கும் இருந்தது.

வக்கீலிடம் போனேன். அவர் சொன்னது இதுதான்: "அமைதியாகப் போராடியதும், வழக்கில்லாமல் விடுவிக்கப்பட்டதும் கிரீன் கார்டை மறுக்கக் காரணமாகாது. ஆனால் முக்கியமான விஷயத்தை மறைத்துப் பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம். அந்தத் தடை வாழ்நாள் முழுவதும் நிற்கும். இன்று தப்பினாலும், ஐந்தாண்டு கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இதே கேள்வியை மறுபடியும் கேட்பார்கள்." இரண்டு கேள்விக்கும் 'ஆம்' என்று எழுதி, தனித்தாளில் விவரம் வைத்தேன். நிலுவையில் வழக்கு இல்லை என்பதற்குக் காவல்துறைச் சான்றிதழும் இணைத்தேன்.

2019-ல் அழைப்பு வந்தது. குடும்பத்தோடு போனோம். அதிகாரி ஓர் அம்மையார். எழுந்து நின்று வலது கையை உயர்த்தி, சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதி கூறினோம். பெயர், பிறந்த ஊர், வேலை, சம்பளம், மனைவியின் பிறப்புச் சான்றிதழ், நிக்காஹ் பதிவு என்று படிவத்தை வரிவரியாகப் பார்த்தார். அந்தப் பக்கம் வந்தது. பேனா நின்றது.

"எதற்காகத் தடுத்து வைத்தார்கள்?"

"ஒரு பள்ளிவாசலை இடித்ததைக் கண்டித்துச் சாலையில் நின்றோம்."

"வன்முறை நடந்ததா?" "இல்லை." "வழக்கு?" "இல்லை."

அந்தச் சங்கம் என்ன செய்கிறது என்று கேட்டார்; சொன்னேன். குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

உண்மை சொன்னதால் அன்றே கையில் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். என்னோடு விசாரணைக்குப் போனவருக்கு இரண்டு வாரத்தில் வந்தது. எனக்கு ஐந்து மாதமானது. பெயர்தான் காரணமா, மறியல்தான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்து மாதமும் நிம்மதியாகத் தூங்கினேன். மறைத்த எதுவும் என்னிடம் இல்லை.

பெற்றோர்களே! "விசா கிடைக்காது, மறியலுக்குப் போகாதே" என்று பிள்ளைகளைத் தடுக்கிறீர்கள். ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை நம் அரசியல் சட்டம் 19-ஆவது பிரிவில் தந்திருக்கிறது. நம் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கெடுப்பது அந்த உரிமை அல்ல. அதை மறைக்கச் சொல்லும் பொய்.

இளைஞர்களே! இன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. பள்ளிச் சான்றிதழில் ஒரு முஹம்மது, பாஸ்போர்ட்டில் ஒரு மொஹமது என்றிருந்தால் இப்போதே ஒன்றாக்குங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் 'முதற்பெயர் தெரியாதவர்' என்ற பொருளில் மூன்று எழுத்து விழும். அது எல்லாக் காகிதத்திலும் உங்களைத் துரத்தும். ஜமாஅத் பதிவேட்டில் நிக்காஹ் எழுதியதோடு நிற்காமல், தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படியும் பதிவு செய்யுங்கள். வழக்கு இருந்தால் ஒளிக்காதீர்கள். நடத்தி முடித்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பத்திரப்படுத்துங்கள். படிவத்தை ஏஜெண்டிடம் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்து உங்களுடையது, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே.

நம் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கடையில் நாம் அன்றாடக் கணக்கு எழுதாமல் பூட்டுவதுண்டா? ஒவ்வொரு போராட்டத்திலும் யார் யாரை, எங்கே, எந்த நேரம் வரை வைத்திருந்தார்கள், வழக்குப் பதிவானதா என்பதை அன்றே எழுதி வையுங்கள். இருபதாண்டு கழித்து ஓர் இளைஞன் ஏதோ ஒரு நாட்டில் வலது கையை உயர்த்தும்போது, அந்த ஒரு பக்கம் அவனுக்குத் துணையாக நிற்கும், இன்ஷா அல்லாஹ்.