வெள்ளம் வடிந்த பிறகு



நம் மொன்றியல் நகரின் நடுவே நிற்கும் மோன் றோயால் மலை உங்கள் எல்லாருக்கும் தெரியும். உயரம் 233 மீற்றர்தான். பெரிய மலைகளோடு ஒப்பிட்டால் அது ஒரு குன்று. ஆனாலும் மேலே போய்ப் பார்த்தால் நகரமும், சென் லோரன்ஸ் ஆறும், ஆற்றுக்கு அப்பால் சமவெளியில் தனித்தனியே எழுந்து நிற்கும் குன்றுகளும் தெரியும்.

அந்த மலை நமக்கு முன்பே பலரைக் கண்டது. 1535இல் பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்ட்டியே வந்தபோது, அதன் அருகே ஒசலாகா என்ற பூர்வகுடிகளின் ஊர் இருந்தது. வந்தவருக்கு மலையைக் காட்டியவர்களும் அவர்களே.

1642இல் மெசோன்னேவ் என்பவரின் தலைமையில் ஒரு சிறு கூட்டம் இங்கே குடியேறியது. அந்த டிசம்பரில் ஆறு பெருகிக் கோட்டையை நெருங்கியது. தண்ணீர் வடிந்தால் மலைமேல் ஒரு சிலுவையைச் சுமந்து செல்வதாக மெசோன்னேவ் பொருத்தனை பண்ணினார். தண்ணீர் வடிந்தது. 1643 ஜனவரி 6ஆம் திகதி, கடும் பனிக்காலத்தில், மரச் சிலுவையைத் தம் தோளிலேயே சுமந்து மலை ஏறினார்.

பிரியமானவர்களே, வெள்ளம் ஏறும்போது எல்லாரும் ஜெபிப்போம். வடிந்த பிறகு? சுகமடைந்த பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன்தான். நம்மிலும் பலர் ஷெல் சத்தத்தின் நடுவே, முகாமில், விமான நிலையத்தில் பொருத்தனை பண்ணினோம். இன்று வீடு உண்டு, வேலை உண்டு, குடியுரிமை உண்டு. அந்தப் பொருத்தனை எங்கே?

பிள்ளைகளே, இது உங்களுக்கு. அந்த மரச் சிலுவை இன்று இல்லை. இரவில் நாம் காணும் 31 மீற்றர் உருக்குச் சிலுவை 1924இல் எழுப்பப்பட்டது. அதற்குப் பணம் சேர்க்க உங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகள் முத்திரைகள் விற்றார்கள். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் அதன் விளக்குகள் முதன்முதலாக எரிந்தன.

அப்பா அம்மா நட்ட சிலுவை என்றைக்கும் தானாக நிற்காது. நன்றியை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாய் நாட்ட வேண்டும். ஆகையால் இன்று வீட்டுக்குப் போனதும், "கர்த்தர் நம்மை எந்த வெள்ளத்திலிருந்து காப்பாற்றினார்?" என்று பெற்றோரிடம் கேளுங்கள். பெற்றோரே, மறைக்காமல் சொல்லுங்கள். சொன்ன பிறகு, அன்று பண்ணிய பொருத்தனையைக் குடும்பமாய் நிறைவேற்றுங்கள்.

கர்த்தர் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.