நோட்ஸ் தெரியாமல் பாடலாமா?

(யூபிலியை முன்னிட்டு நடந்த பாடற்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாடற்குழுவில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் எங்களிடம் தவறாமல் கேட்பது, "நோட்ஸ் படிக்கத் தெரியாதே, பரவாயில்லையா?" என்பதுதான். பரவாயில்லை என்றே சொல்லி வருகிறோம். மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் மேனாட்டு முறையில் நோட்ஸ் எழுதியவர் அல்லர். ஆர்மோனியத்தில் வாசித்துப் பாடிக் காட்டுவார். உதவியாளர்கள் அதை வயலின்காரர்களுக்கு எழுதிக் கொடுப்பார்கள். இளையராஜாவோ சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் முறையாகக் கற்று, எல்லா வாத்தியங்களுக்கும் தாமே எழுதுகிறவர். 2025 மார்ச் 8-ல் லண்டனில் அவரது சிம்பொனி அரங்கேறியபோது, அவர் எழுதியதைப் பார்த்தே அந்நாட்டுக் கலைஞர்கள் வாசித்தார்கள். இருவரில் யார் பெரியவர் என்ற பட்டிமன்றம் நமக்கு வேண்டாம்! பீட்டில்ஸ் குழுவின் லெனனுக்கும் மெக்கார்ட்னிக்கும்கூட நோட்ஸ் படிக்கத் தெரியாது. வயலின், செல்லோ தேவைப்பட்டபோது ஜார்ஜ் மார்ட்டின் எழுதிக் கொடுத்தார்.

நம் ஊர்ப் பெயரை மேடைதோறும் ஒலிக்கச் செய்த ஸ்ரீமுஷ்ணம் ராஜாராவ் அவர்களின் மிருதங்கக் கலை, குரு வாயால் சொல்லச் சீடன் திருப்பிச் சொல்லி வளர்ந்த கலை. பூவராகர் கோயில் நாயனமும் காது வழி வந்ததே.

ஆகவே எழுதத் தெரியாதவர் பக்கத்தில் எழுதுகிறவர் ஒருவர் இருந்தார்; அல்லது ஆண்டுக்கணக்காகக் கேட்டு உட்கார்ந்த சீடன் இருந்தான். இரண்டும் இல்லாவிட்டால்?

நம் திருச்சபை இந்தக் கவலையைப் பட்டிருக்கிறது. 1025-ஐ ஒட்டி இத்தாலியில் குயிதோ என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, பாடகர்கள் பத்து ஆண்டு பாடுபட்டும் கீதங்களைக் கற்று முடிக்காததைக் கண்டு, கோடுகளின்மேல் சுரங்களைக் குறிக்கும் முறையைச் சீராக்கினார். ஸ்நாபக அருளப்பர் கீதத்தின் அடிகளிலிருந்து சுரங்களுக்குப் பெயரும் வைத்தார். நம் நாட்டில் 1890-களில் ஏ.எம். சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர் தியாகையர் கிருதிகளை ஐரோப்பிய முறையில் எழுதி அச்சிட்டார். அவருடைய தூண்டுதலே, 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' வெளிவர ஒரு காரணம். முத்துசாமி தீட்சிதரின் 200-க்கு மேற்பட்ட கிருதிகள் அதில் சுரங்களோடு உள்ளன. வேற்று மதத்தார் பாட்டுக்காக ஒரு கிறிஸ்தவர் இவ்வளவு பாடுபட்டார்.

நம் பங்கின் பெரிய வெள்ளி ஒப்பாரிக்கு யார் பாடுபட்டோம்? வரிகள் பழைய புத்தகத்தில் இருக்கின்றன; மெட்டு இல்லை. முழுவதும் பாடத் தெரிந்த தாய்மார் இன்று மூவரே. மூவருக்கும் எழுத்து வாசனை குறைவு. குரலோ இன்னும் கணீரென்று இருக்கிறது. செல்போனில் பதிந்தால் போதாதா என்கிறார்கள் இளைஞர்கள். பதியட்டும். ஆனால் போன் மாறும்போது எத்தனை வீட்டுத் திருமணப் படங்கள் போயின என்பதை அவர்களே அறிவார்கள்!

ஆகையால் வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தத் தாய்மார் கோயிலில் அமர்ந்து பாடுவார்கள். கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு அடியையும் சரிகமவில் எழுதவேண்டும். மறுபடி பாடிக் காட்டி, தாய்மார் "சரி" என்ற பிறகே அடுத்த அடி. ஒருவருக்கு நடக்க முடியவில்லை. அவரை அழைத்துவர ஆட்டோ வைத்திருப்பவர் யாராவது இன்றே எங்களிடம் பெயர் கொடுங்கள்.