கலைச்சொற்களைப் பொருத்திக் கற்றல்

கணினியின் செயலி, நினைவகம், கோப்புகள், அச்சுப்பொறி போன்ற சாதனங்கள் ஆகியவற்றைப் பயன்பாட்டு மென்பொருள்களுக்குப் பங்கிட்டு நிர்வகிக்கும் அடிப்படை மென்பொருளே இயக்க அமைப்பு எனப்படுகிறது. விண்டோஸும் லினக்ஸும் இவ்வகையைச் சார்ந்தவை. இயக்க அமைப்புப் பாடத்தின் கலைச்சொற்களுள் பல ஒன்றையொன்று ஒத்துத் தோன்றுவதால், அவற்றை வேறுபடுத்திக் கற்பிப்பதற்குப் பொருத்தும் விளையாட்டு வகுப்பறைகளில் கையாளப்படுகிறது. சொற்களை ஒரு கட்டு அட்டைகளிலும் விளக்கங்களை மற்றொரு கட்டிலும் எழுதிக் கலைத்து வழங்கியபின், சொல்லைப் பெற்றவர் அதற்குரிய விளக்கத்தை வைத்திருப்பவரைத் தேடிச் சேர்வதே இதன் முறை.

இவ்விளையாட்டின் பயன் பெரிதும் அட்டைத் தேர்வைப் பொறுத்தது. தொடர்பற்ற சொற்களை ஊகத்தாலேயே பொருத்திவிடலாம்; நெருங்கிய சொற்களோ மாணவரை வாதிட வைக்கின்றன. வட்டில் சேமிக்கப்பட்டிருக்கும் கட்டளைத் தொகுப்பு நிரல். அது நினைவகத்தில் ஏறி இயங்கும்போது செயல்முறை, அதாவது பிராசஸ், ஆகிறது. டெட்லாக் எனப்படும் முட்டுநிலையில், ஒரு செயல்முறை அச்சுப்பொறியைப் பிடித்துக்கொண்டு கோப்புக்காகவும், மற்றொன்று அக்கோப்பைப் பிடித்துக்கொண்டு அச்சுப்பொறிக்காகவும் காத்திருப்பதால் இரண்டுமே நகர்வதில்லை. பட்டினிநிலையிலோ, பிற செயல்முறைகள் தொடர்ந்து இயங்க, முன்னுரிமை குறைந்த ஒன்றுக்கு மட்டும் முறை வராமலே போகிறது. இரண்டுக்கும் காத்திருப்பு பொது என்பதால், ஒரே விளக்கத்துக்கு இருவர் உரிமை கோருவர்; அப்போது எழும் விவாதத்திலேயே வேறுபாடு தெளிவாகிறது.

சொற்களும் விளக்கங்களும் சம எண்ணிக்கையில் இருந்தால், எஞ்சும் கடைசி இணை அறிவின்றியே பொருந்திவிடும் என்பதால், எச்சொல்லுக்கும் பொருந்தாத சில விளக்கங்களையும் கலந்து வைத்தல் நன்று. மேலும், விளக்கத்தைக் கண்டு சொல்லை இனங்காண்பது எளிது, சொல்லை மட்டும் கேட்டு விளக்கத்தை நினைவிலிருந்து எடுத்துரைப்பது கடினம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தை மீண்டும் படித்தவர்களைவிட அதை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரத்துக்குப் பின் மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். ஆகவே, அடுத்த சுற்றில் விளக்க அட்டைகளை அகற்றிவிட்டு, மாணவர் தம் சொற்களிலேயே விளக்குமாறு செய்வது பொருத்தமாகும்.

இறுதிச் சுற்றில், கணினியை இயக்கியதும் நிகழ்வன எவையோ அவ்வரிசையில் அட்டைகளை அடுக்கச் செய்யலாம். லினக்ஸை எடுத்துக்கொண்டால், பூட் லோடர் என்னும் தொடக்க நிரல் இயக்க அமைப்பின் மையப்பகுதியாகிய கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது; கெர்னல் சாதன இயக்கிகளைத் தொடங்கி, 1 என்னும் எண்ணைப் பெறும் முதல் செயல்முறையை உருவாக்க, ஏனைய பயனர் செயல்முறைகள் அதிலிருந்து கிளைக்கின்றன. இவ்வரிசையை அடுக்கத் தெரிந்த மாணவர், ஒவ்வொரு சொல்லின் பொருளோடு, அது எதைச் சார்ந்து எதற்கு வழிவிடுகிறது என்பதையும் அறிந்தவராகிறார்.