புகையை விட முயல்பவருக்குத் தோள் கொடுப்போம்

(ஷஃபான் மாதத்தின் கடைசி வெள்ளியன்று ஆற்றப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

ரமளான் நம் வாசலுக்கு வந்துவிட்டது. ஆண்டுதோறும் இந்நேரத்தில் நம்மில் பலர், 'இந்த நோன்போடு சிகரெட்டை விட்டுவிடுவேன்' என்று மனத்திற்குள் நிய்யத் வைக்கின்றனர். அவர்களைப் பற்றியும், அவர்களைச் சுற்றியிருக்கும் நம்மைப் பற்றியும் இன்று சிந்திப்போம்.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் அரபு நாட்டில் புகையிலை இல்லை. 1492க்குப் பிறகே அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து மற்ற நாடுகளுக்குப் பரவியது. ஆயினும், மனிதன் தன்னைத் தானே அழிவில் ஆழ்த்திக்கொள்வதை அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனம் தடுக்கின்றது. தனக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கலாகாது என்பது நபிமொழி வகுத்துத் தந்த அடிப்படை. இவற்றைக் கொண்டே இக்கால மார்க்க அறிஞர்களில் பலர் புகைப்பதை ஹராம் என்றும், சிலர் மக்ரூஹ் என்றும் கூறியுள்ளனர். நல்ல செயல் என்று எவரும் கூறவில்லை.

இது புகைப்பவருக்கும் தெரியும். ஆண்டொன்றுக்கு 70 இலட்சத்திற்கும் மேற்பட்டோரைப் புகையிலை கொல்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுவதையும், சிகரெட் பெட்டியின் பெரும்பகுதியை எச்சரிக்கைப் படம் மறைத்திருப்பதையும் அவர் அறியாதவரல்லர். ஆகவே அவரிடம் குறைவாக இருப்பது அறிவன்று. அப்படியாயின் குறைவாக இருப்பது எது?

நப்ஸும் நிக்கோடினும்

புகையை உள்ளிழுத்த சில விநாடிகளில் நிக்கோடின் மூளையைச் சென்றடைகின்றது. ஓர் இதத்தைத் தருகின்றது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள அளவு பாதியாகக் குறைந்துவிடுகின்றது. உடனே மூளை மீண்டும் கேட்கின்றது. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் பழகிய ஒருவர் திடீரென நிறுத்தும்போது எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு, மனச்சோர்வு, அதிகப் பசி ஆகியவை வருகின்றன. முதல் இரண்டு மூன்று நாட்களில் இவை உச்சத்தில் இருக்கும். பிறகு சிறிது சிறிதாகக் குறைந்து, பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும்.

இதை ஏன் விரித்துரைக்கிறேன் என்றால், அந்நாட்களில் வீட்டில் அவர் எரிந்து விழுவதைக் கண்டு, 'இவருக்கு ஈமான் பலவீனம்' என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் அவர் தம் உடலுடன் ஒரு போர் நடத்திக்கொண்டிருக்கிறார். வல்லமை என்பது மற்றவரை மல்யுத்தத்தில் வீழ்த்துவதில் இல்லை, கோபத்தில் தன்னை அடக்குவதில் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள் அல்லவா? அந்த வல்லமைக்காகவே அவர் போராடிக்கொண்டிருக்கிறார்.

நோன்பு தரும் சான்று

'ஒரு மணி நேரம்கூட என்னால் தாங்க முடியாது' என்று சொல்லும் சகோதரரே! ரமளானில் பஜ்ரு முதல் மஃரிப் வரை ஏறத்தாழ 13 மணி நேரம் தாங்கிவிடுகிறீர்களே! நோன்பு திறக்கும் வேளையில் உங்கள் இரத்தத்தில் நிக்கோடின் மிகச் சொற்பமே எஞ்சியிருக்கும். போரின் கடினமான பகுதியைக் கடந்து வந்து, பேரீச்சம்பழம் வாயில் கரையும் முன்னரே பள்ளிவாசலின் வெளிச்சுவரோரம் சென்று தீக்குச்சி உரசுகிறீர்கள். பகலில் வென்ற கோட்டையை இரவில் நீங்களே திறந்துவிடுகிறீர்கள்.

என் வாப்பாவுக்கு நான் செய்த தவறு

சகோதரர்களே! இதனை மிம்பரில் சொல்ல வெட்கப்படுகிறேன். ஆயினும் சொல்ல வேண்டியிருக்கிறது. என் தந்தையார் புகைபிடிப்பவர். நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஒரு ரமளான் பிறை கண்ட இரவில், கையிலிருந்த சிகரெட்டுகளைக் கசக்கிக் குப்பையில் எறிந்தார்கள். முப்பது நோன்பும் இரவு பகலாகத் தொடவில்லை. வீட்டில் நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கடமையைத்தானே செய்கிறார் என்று இருந்துவிட்டோம். பெருநாள் கழிந்த நான்காம் நாள், கடையின் பின்புறம் சிகரெட்டும் கையுமாக அவர்களைக் கண்டேன். "இதுக்குத்தானா வாப்பா முப்பது நாளும் பிடிச்சீங்க?" என்று கேட்டேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதன்பின் விடப்போவதாக அவர்கள் ஒருபோதும் சொன்னதில்லை. மறைந்து மறைந்து புகைத்தார்கள். எட்டாண்டுகளுக்குப் பிறகு மூச்சுத் திணறலுடன் படுக்கையில் கிடந்தபோது என்னை அருகில் அழைத்து, "நீ அன்னைக்குக் கேட்டது சரிதான் மவனே. ஆனா அந்த நாலு நாளும் எப்படி இருக்கீங்கன்னு ஒருத்தரும் கேக்கலையே" என்றார்கள். அந்த ஆண்டே மவுத்தாகிவிட்டார்கள். அவர்களின் கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! நான் ஓதிய கல்வி அனைத்தும் அன்று என் நாவைக் காக்கவில்லை.

யாருக்கு உதவுகிறோம்?

மது அருந்தியதற்காக ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டார். தண்டனை முடிந்து அவர் திரும்பியபோது, கூட்டத்தில் ஒருவர் அவர் இழிவடையட்டும் எனச் சபித்தார். அதனை நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அவ்வாறு கூறுவது அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவுவதாகும் என உணர்த்தினார்கள். இதனை அபூஹுரைரா (ரலி) அறிவிக்க, புகாரியில் காண்கிறோம். தவறியவரை இகழும் சொல், அவரை நம்மிடமிருந்து துரத்தி ஷைத்தானின் பக்கம் சேர்த்துவிடுகின்றது.

மது தடைசெய்யப்பட்ட முறையையும் எண்ணிப் பாருங்கள். அல்பகரா 219, அந்நிஸா 43, அல்மாயிதா 90 என அந்தப் பழக்கத்தின் வேரைப் படிப்படியாகவே இறைவன் அறுத்தான். இறுதித் தடை வந்த நாளில் மதீனாவின் தெருக்களில் மது கொட்டி ஓடியதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அன்று ஒருவர் தனித்து விடவில்லை. ஊரே சேர்ந்து விட்டது. விட்டவருக்கு அருகில் அமர்ந்து குடித்துக் காட்ட எவரும் இல்லை. நம் ஊரிலோ விட்டவரைத் தேநீர்க் கடையில் அமர்த்தி, 'ஒண்ணே ஒண்ணு' என்று நீட்டுகிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

விட நினைக்கும் சகோதரரே! முதலாவதாக, ஒரு நாளைக் குறியுங்கள். அதனை வீட்டாரிடமும் நம்பிக்கையான ஒரு நண்பரிடமும் சொல்லுங்கள். பெட்டி, தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் அனைத்தையும் அப்புறப்படுத்துங்கள். சிகரெட்டிலிருந்து பீடிக்கு மாறுவது விடுவதாகாது. பீடியும் அதே கேட்டைத் தருவதே.

இரண்டாவதாக, ஆசை எழும்போது அது சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். தண்ணீர் அருந்துங்கள், எழுந்து நடங்கள், உளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுங்கள், அந்த நண்பரை அழையுங்கள்.

மூன்றாவதாக, மருத்துவ உதவி பெறுவது தவக்குலுக்கு முரணானதன்று. நிக்கோடின் சூயிங்கமும் ஒட்டுப்பட்டையும் மருந்தகங்களில் உள்ளன. மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளும் உண்டு. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எதனையும் பயன்படுத்த வேண்டாம். சூயிங்கத்தை நோன்பு நேரத்தில் மெல்லலாகாது, இரவில் பயன்படுத்தலாம். மத்திய அரசின் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.

வீட்டாருக்கு நான் சொல்வது: முதல் மூன்று நாட்கள் அவருடைய சினத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 'இன்று எப்படி இருக்கிறது?' என்று நாள்தோறும் கேளுங்கள். புகைக்கு மிச்சமான காசை ஓர் உண்டியலில் போட்டு, மாத இறுதியில் ஸதக்காவும் பிள்ளைகளுக்கு ஒரு பரிசும் கொடுங்கள். தவறிவிட்டால் ஏசாதீர்கள், 'நாளை மீண்டும் தொடங்குவோம்' என்று சொல்லுங்கள். பலமுறை முயன்ற பின்னரே விட்டவர்கள் ஏராளம். தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டவர்களும் தன் அருளில் நம்பிக்கை இழக்கலாகாது என அஸ்ஸுமர் 53இல் அழைக்கும் இறைவன், பத்தாவது முயற்சிக்கும் கதவை மூடுவதில்லை.

'வயதாகிவிட்டது, இனி என்ன பயன்?' என்போருக்கும் ஒரு செய்தி உண்டு. 1951இல் தொடங்கி 50 ஆண்டுகள் பிரிட்டிஷ் மருத்துவர்களைப் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டால் குழுவினரின் ஆய்வு 2004இல் வெளிவந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாகவே இறந்தனர். 30 வயதில் விட்டவர்கள் அந்த இழப்பை ஏறக்குறைய முழுவதும் தவிர்த்தனர். 50இல் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 60இல் விட்டவர்கள் 3 ஆண்டுகளையும் மீட்டனர். ஆயுளின் அளவு அல்லாஹ்வின் கையில். அதனைப் பேணும் பொறுப்பு நம் கையில். மூன்று ஆண்டுகள் என்பது மூன்று ரமளான்கள் அல்லவா!

நிறைவாக நம் ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு விட முன்வரும் ஒவ்வொருவருக்கும், முன்பே விட்ட ஒருவர் துணையாக நிற்கட்டும். தராவீஹுக்குப் பின் பத்து நிமிடம் ஒன்றாக அமருங்கள். பெருநாளோடு நிறுத்திவிடாதீர்கள். ஷவ்வால் பிறை நான்கில், கண்டிப்பாக அவர் வீட்டுக் கதவைத் தட்டி நலம் கேளுங்கள்.

நம் உடல் என்னும் அமானிதத்தைப் பேணவும், சகோதரனின் போரில் அவன் பக்கம் நிற்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.